காட்டின் கட்டங்களும் கணினியின் குறிமுறையும்: ஆள்கூற்று மாற்றம் பற்றிய ஒரு விளக்கக் குறிப்பு

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்னும் வினாவுக்கு அப்பொருளை மட்டும் நோக்கி விடை கூறுதல் இயலாது. எங்கிருந்து அளக்கிறோம், எத்திசையில் அளக்கிறோம், எவ்வலகால் அளக்கிறோம், எந்த ஒழுங்கில் எண்ணுகிறோம் என்பன முன்னரே தீர்மானிக்கப்பட்டிருத்தல் வேண்டும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டு கருப்பொருளையும் உரிப்பொருளையும் அவற்றோடு இயைத்துப் பேசுகையில், இடம் என்பது உறவுகளால் அமைவது என்னும் கருத்து அதனுள் உறைந்து கிடக்கின்றது. திணையை உரிப்பொருளினின்று பிரித்து வெறும் நிலப்பெயராகக் கொள்வோர் எத்தகைய தவறுக்கு ஆளாகின்றனரோ, அத்தகைய தவறுக்கே ஆள்கூற்றை அதன் உற்பத்தித் தானத்தினின்று பிரித்து வெறும் எண்ணாகக் கொள்வோரும் ஆளாகின்றனர். இவ்வுண்மை இன்று காட்டு ஆய்வில் மிகத் தெளிவான, கணக்கிட்டுக் காட்டத்தக்க வடிவில் வெளிப்படுகின்றது. கட்டமிட்டு அளக்கப்பட்ட காட்டுத் துண்டங்களில் ஒரு மரத்தின் இருப்பிடம் எவ்வாறு பல முறைகளில் குறிக்கப்படுகின்றது, கணினிக் குறிமுறை வாயிலாக ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு மாற்றப்படுகின்றது, அம்மாற்றத்தில் மறைந்து நிற்கும் எடுகோள்கள் யாவை என்பவற்றை ஈண்டு விளக்க முயல்வோம்.

இலக்கிய ஆராய்ச்சியாளருக்கு இதில் என்ன வேலை என வினவப்படலாம். எண்களின் பின்னால் மறைந்து நிற்கும் மனித உறவுகளை வெளிக்கொணர்தல் எத்துறைக்கும் பொதுவான பணி என்பதே நமது விடை.

சிங்கராஜ ஆய்வுத் துண்டம்

பேராதனைப் பல்கலைக்கழகம் கண்டி நகருக்கு அண்மையில், ஹந்தானை மலையின் அடிவாரத்தில், மகாவலியின் கரையில் அமைந்துள்ளது. அதன் தாவரவியலாளர் மேற்கொண்ட பெரும் பணிகளுள் ஒன்று கண்டிக்குத் தெற்கே, சப்பிரகமுவ, தென் மாகாணங்களில் பரந்துள்ள சிங்கராஜ மழைக்காட்டில் நடைபெற்றது. 1875இல் அரச வனமாக ஒதுக்கப்பட்ட இக்காட்டில் 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்கொண்டு மரம் தறிக்கப்பட்டது. பொதுமக்களின் எதிர்ப்பினால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கமாகவும் 1988இல் உலக மரபுரிமைத் தலமாகவும் சிங்கராஜ அறிவிக்கப்பட்டது.

1993இல் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோர் வனத் திணைக்களம், ஸ்மித்சோனியன் நிறுவனம், ஹாவார்ட் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஒத்துழைப்போடு அங்கு 25 ஹெக்டேயர் பரப்புள்ள நிரந்தர ஆய்வுத் துண்டமொன்றை நிறுவினர். அது 500 மீற்றர் நீளமும் 500 மீற்றர் அகலமும் உடைய ஒரு பெருஞ்சதுரம். அதனுள் 20 மீற்றர் பக்கமுடைய 625 சதுரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. மார்பளவு உயரத்தில், அதாவது நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், 1 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுடைய ஒவ்வொரு தண்டுக்கும் எண்ணிட்ட தகடு கட்டி, இனம் கண்டு, விட்டம் அளந்து, இடம் குறிக்கப்பட்டது. இவ்வாறு பதிவானவை இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவை. இனங்கள் இருநூறுக்கு மேற்பட்டவை. துண்டத்தின் தாழ்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 424 மீற்றரிலும் உயர்ந்த இடம் 575 மீற்றரிலும் உள்ளன. அரைக் கிலோமீற்றர் சதுரத்துள் 151 மீற்றர் ஏற்றத்தாழ்வு என்பது அந்நிலம் எத்துணைச் செங்குத்தானது என்பதை உணர்த்தும்.

இம்முறையின் முன்மாதிரி பனாமாவில் உருவானது. பாரோ கொலராடோ தீவில் 1980இல் ஸ்ரீபன் ஹபெல், றொபின் ஃபொஸ்டர் ஆகியோர் 1000 மீற்றருக்கு 500 மீற்றர் அளவுள்ள 50 ஹெக்டேயர்த் துண்டத்தை அமைத்தனர். தமிழ்நாட்டின் முதுமலையிலும் இந்திய அறிவியல் நிறுவனத்தினர் 1988இல் 50 ஹெக்டேயர்த் துண்டமொன்றை நிறுவினர். இன்று இவை யாவும் ஃபொரெஸ்ட்ஜியோ எனப்படும் உலக வலையமைப்பின் உறுப்புகள். எல்லாத் துண்டங்களிலும் ஒரே முறையில் அளந்தால்தான் ஒரு காட்டை மற்றொரு காட்டோடு ஒப்பிட முடியும் என்பது அவ்வலையமைப்பின் அடிப்படைக் கொள்கை.

கட்டமிடுதல் சமதளத்தில் கோடு கீறுதல் போன்ற எளிய செயலன்று. 20 மீற்றர் என்பது சரிவின் மேல் அளந்த தூரமன்று, கிடைத்தூரம். 30 பாகைச் சரிவில் 20 மீற்றர் கிடைத்தூரத்தைப் பெறுவதற்கு நிலத்தின் மேல் ஏறத்தாழ 23.1 மீற்றர் செல்லவேண்டும். இத்திருத்தம் செய்யப்படாவிடின் மேடும் பள்ளமும் கூடக்கூடக் கட்டங்கள் தம்முள் பொருந்தாது போகும். இன்னொன்றையும் நோக்குக. சதுரங்கள் 625 ஆயினும் அவற்றின் மூலைக் கம்பங்கள் 26 தடவை 26, அதாவது 676. உயரம் அளக்கப்படுவது கம்பங்களில். மரம் பதியப்படுவது சதுரங்களில். இரண்டையும் ஒரே எண்ணொழுங்கில் வைப்போர் தொடக்கத்திலேயே வழிதவறுவர்.

ஒரு மரத்துக்குப் பல முகவரிகள்

துண்டத்தின் ஒரு மூலையை உற்பத்தித் தானமாகக் கொள்வோம். அங்கிருந்து ஒரு பக்கத்தின் வழியே செல்லும் தூரத்தைக் குறுக்கு எனவும், அதற்குச் செங்குத்தாகச் செல்லும் தூரத்தை நெடுக்கு எனவும் வழங்குவோம். ஒரு மரம் குறுக்கில் 137.4 மீற்றரிலும் நெடுக்கில் 286.2 மீற்றரிலும் நிற்கின்றது எனக் கொள்க. இது அம்மரத்தின் முதல் முகவரி. இதனைத் துண்ட ஆள்கூறு எனலாம்.

களத்தில் நிற்பவருக்கு இவ்வெண்கள் பயன்படா. அடர்ந்த காட்டில் 286 மீற்றரை நாடா பிடித்து அளக்க எவராலும் இயலாது. அவர் அறிவது தாம் நிற்கும் 20 மீற்றர்ச் சதுரத்தை மட்டுமே. அதன் மூலைக் கம்பத்திலிருந்து மரம் 17.4 மீற்றர் குறுக்கிலும் 6.2 மீற்றர் நெடுக்கிலும் உள்ளது. இது உள்ளக ஆள்கூறு. அச்சதுரம் மீண்டும் 5 மீற்றர் பக்கமுடைய 16 உபசதுரங்களாகப் பிரிக்கப்படும். களப்பணியாளர் உபசதுரத்தின் படத்தில் மரத்தை ஒரு புள்ளியாகக் குறிக்கின்றார். அப்புள்ளியே பின்னர் எண்ணாக மாற்றப்படுகின்றது.

சதுரத்தின் பெயரோ வேறு வகைகளில் வழங்கும். குறுக்கே எத்தனையாவது நிரல், நெடுக்கே எத்தனையாவது நிரை எனக் கூறலாம். ஒன்றிலிருந்து எண்ணினால் நமது மரம் 7ஆம் நிரலிலும் 15ஆம் நிரையிலும் உள்ளது. பூச்சியத்திலிருந்து எண்ணி இரண்டிரண்டு இலக்கமாக எழுதினால் அச்சதுரத்தின் பெயர் 0614. எல்லாச் சதுரங்களையும் 1 முதல் 625 வரை ஒரே தொடராக எண்ணினால் அதன் சுட்டெண் 165. ஹெக்டேயர் வாரியாக எண்ணினால் அது 8ஆம் ஹெக்டேயர். ஆக, அசையாது நிற்கும் ஒரு மரத்துக்கு ஐந்தாறு முகவரிகள் உள. இவற்றுள் எதுவும் பொய்யன்று. எதுவும் தன்னளவில் முழுமையானதுமன்று.

மாற்றும் முறை

இம்மாற்றங்கள் யாவும் தொடக்கப் பள்ளியில் கற்ற வகுத்தலின் விரிவே. ஈவு சதுரத்தைத் தரும். மீதி சதுரத்துள் இடத்தைத் தரும். குறிமுறை வடிவில் இதனைப் பின்வருமாறு எழுதலாம். கீழெண் என்பது ஒரு எண்ணுக்குச் சமமான அல்லது அதனிற் குறைந்த மிகப்பெரிய முழுவெண்ணைக் குறிக்கும்.

நிரல் = கீழெண்(குறுக்கு ÷ பக்கம்) + 1
நிரை = கீழெண்(நெடுக்கு ÷ பக்கம்) + 1
உள்குறுக்கு = குறுக்கு − பக்கம் × (நிரல் − 1)
உள்நெடுக்கு = நெடுக்கு − பக்கம் × (நிரை − 1)
நிரைத்தொகை = துண்டத்தின் நெடுக்களவு ÷ பக்கம்
சுட்டெண் = (நிரல் − 1) × நிரைத்தொகை + நிரை

137.4ஐ 20ஆல் வகுக்க ஈவு 6, மீதி 17.4. 286.2ஐ 20ஆல் வகுக்க ஈவு 14, மீதி 6.2. ஆகவே 7ஆம் நிரல், 15ஆம் நிரை. நிரைத்தொகை 25. சுட்டெண் 6 × 25 + 15 = 165. பக்கம் 100 எனக் கொண்டு இதே வரிகளை இயக்கினால் 2ஆம் நிரல், 3ஆம் நிரை, நிரைத்தொகை 5. ஆகவே 8ஆம் ஹெக்டேயர். உள்ளக ஆள்கூறுகளின் மேல் பக்கம் 5 எனக் கொண்டு இயக்கினால் உபசதுரத்தில் 4ஆம் நிரல், 2ஆம் நிரை கிடைக்கும். அளவை மாற முறை மாறவில்லை என்பது கவனத்திற்குரியது.

மறுதிசையில் செல்வதும் எளிது. சுட்டெண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து நிரைத்தொகையால் வகுத்தல் வேண்டும். 164ஐ 25ஆல் வகுக்க ஈவு 6, மீதி 14. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்ட 7ஆம் நிரல், 15ஆம் நிரை மீண்டும் வரும். ஆனால் இங்கு ஓர் இழப்பு உண்டு. சுட்டெண்ணிலிருந்து சதுரத்தின் மூலையைப் பெறலாம். மரத்தைப் பெறல் இயலாது. நுண்ணியதிலிருந்து பருமட்டானதற்குச் செல்வது ஒருவழிப் பாதை. மீதியைப் பதிந்து வைத்திருந்தால் மட்டுமே திரும்பி வரலாம்.

எல்லைகளில் நிற்கும் மரங்களுக்கும் விதி வேண்டும். சரியாக 120.0 மீற்றரில் நிற்கும் மரம் 7ஆம் நிரலுக்கே உரியது. 6ஆம் நிரலுக்கு அன்று. சரியாக 500.0 எனப் பதியப்பட்டது 26ஆம் நிரலைத் தரும். அப்படியொரு நிரல் இல்லை. எனவே அது துண்டத்துக்குப் புறம்பானதெனக் கொள்ளப்படும். எதிர்க்கணிய எண்களில் நுண்ணியதொரு பொறி உளது. அளவைப் பிழையால் ஒரு மரம் குறுக்கில் −0.4 எனப் பதிவாகின், கீழெண் −1ஐத் தந்து நிரல் 0 ஆகும், பிழை வெளிப்படும். மாறாகத் தசமப் பகுதியை வெட்டியெறியும் செயலைப் பயன்படுத்தின், பூச்சியம் பெறப்பட்டு நிரல் 1 ஆகும். புறத்தே நிற்கும் மரம் அகத்தே நிற்பதாக ஏற்றுக்கொள்ளப்படும்.

மௌனமான வழுக்கள்

கணினி மறுத்துரைக்கும் பிழை ஆபத்தற்றது. ஏற்றுக்கொள்ளப்படும் பிழையே கொடியது. மூன்று எடுத்துக்காட்டுகளை நோக்குவோம்.

முதலாவது, எண்ணும் ஒழுங்கு. மேற்கண்ட சூத்திரம் ஒரு நிரலின் அடியிலிருந்து மேலே எண்ணி முடித்து அடுத்த நிரலுக்குச் செல்கின்றது. நூலின் பக்கத்தை வாசிப்பவரோ நிரை நிரையாக எண்ணும் பழக்கமுடையவர். அவர் எண்ணினால் நமது சதுரம் 165 அன்று, 357. அவர் கையில் 165 என்னும் எண்ணைக் கொடுத்தால் அவர் 15ஆம் நிரலுக்கும் 7ஆம் நிரைக்கும் செல்வார். அவ்விரு சதுரங்களுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 226 மீற்றர். துண்டம் நீள்சதுரமாயின் இவ்வாறு இடம் மாறிய சில மரங்கள் எல்லைக்கு வெளியே விழும், பிழை தெரியவரும். சிங்கராஜத் துண்டம் முழுச்சதுரமாதலின் அவ்வாறு நிகழாது. நிரலும் நிரையும் இடம் மாறினாலும் எல்லா எண்களும் 1 முதல் 625 வரையிலேயே இருக்கும். மூலைவிட்டத்தின் மேலுள்ள 25 சதுரங்கள் மாறவே மாறா. அழகிய சமச்சீரே பிழைக்கு மறைவிடமாகின்றது.

இதன் விளைவு சிறிதன்று. எந்த இனம் பள்ளத்தில் மிகுதி, எந்த இனம் முகட்டில் மிகுதி என்பதைச் சதுரங்களின் உயரத்தோடும் சரிவோடும் பொருத்தி ஆராய்ந்த ஆய்வுகள் சிங்கராஜத் துண்டத்திலிருந்து வெளிவந்துள்ளன. 226 மீற்றர் இடம் பெயர்ந்த மரம் பள்ளத்திலிருந்து முகட்டுக்கு ஏறியிருக்கக் கூடும். அத்தகைய தரவிலிருந்து பெறப்படும் சூழலியல் முடிபு காட்டைப் பற்றியதன்று. எண்ணும் ஒழுங்கைப் பற்றியதே.

இரண்டாவது, முன்னிற்கும் பூச்சியம். 0614 என்னும் சதுரப்பெயரை அட்டவணைச் செயலிகள் பெரும்பாலும் எண்ணெனக் கொண்டு 614 ஆக்கிவிடும். 614 என்பதோ செல்லத்தக்க ஒரு சுட்டெண். அதனைச் சுட்டெண்ணாக வாசித்தால் 25ஆம் நிரல், 14ஆம் நிரை பெறப்படும். மரம் 360 மீற்றர் தள்ளிப்போய்விடும். பெயர் வேறு, எண் வேறு. பெயரை எழுத்தாகவே காத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

மூன்றாவது, நடக்கும் வரிசை. களத்தில் பணிபுரிவோர் ஒரு வரிசையில் மேலேறி அடுத்த வரிசையில் கீழிறங்குவதே இயல்பு. ஏர் உழுகையில் எருதுகள் திரும்புவது போன்றதே அது. சூத்திரமோ ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்தே தொடங்குகின்றது. நடந்த வரிசையில் இடப்பட்ட உபசதுர எண்களைச் சூத்திரத்தின் வரிசையில் வாசித்தால் ஒன்றுவிட்டொரு நிரல் தலைகீழாகும். கால்களின் தருக்கம் ஒன்று. குறிமுறையின் தருக்கம் ஒன்று. இரண்டுக்கும் இடையே வெளிப்படையான ஒரு மாற்றுவரி எழுதப்படுதல் வேண்டும்.

முன்னிருப்பு என்னும் கருத்தியல்

இத்தகைய துண்டங்களின் தரவைக் கையாளுதற்கென றிச்சர்ட் கொண்டிற்றும் அவரோடு பணியாற்றியோரும் ஆர் என்னும் கணினி மொழியில் உருவாக்கிய செயற்றொகுப்பு பரந்து பயன்பட்டது. அதில் ஆள்கூற்றைச் சுட்டெண்ணாக மாற்றும் செயல், பயனர் வேறொன்றும் கூறாதவிடத்துச் சதுரத்தின் பக்கம் 20 எனவும் துண்டத்தின் அளவு 1000க்கு 500 எனவும் கொள்ளும். அதாவது, எதுவும் சொல்லப்படாதபோது ஒவ்வொரு காடும் பனாமாவின் காடே.

சிங்கராஜவில் இது எவ்வாறு தொழிற்படுகின்றது என நோக்குவோம். சூத்திரம் நெடுக்களவை மட்டுமே பயன்படுத்துகின்றது. பனாமாவிலும் சிங்கராஜவிலும் நெடுக்களவு 500. எனவே நிரைத்தொகை இரண்டிலும் 25; சுட்டெண் சரியாகவே வரும். ஆனால் இச்சரி தற்செயலானது. தட்டச்சுப் பிழையால் குறுக்கு 612 எனப் பதிவாயின், 500 மீற்றர்த் துண்டத்தில் அது மறுக்கப்பட வேண்டும். முன்னிருப்பு 1000 ஆதலின் அது 31ஆம் நிரல் என ஏற்கப்பட்டு 750க்கு மேற்பட்ட சுட்டெண் வழங்கப்படும். 625 சதுரங்களே உள்ள துண்டத்தில்! சீனாவின் குத்தியான்ஷானில் உள்ள 24 ஹெக்டேயர்த் துண்டம் 600க்கு 400 மீற்றர் அளவுடையது. அங்கு நிரைத்தொகை 20. முன்னிருப்பை மாற்றாது இயக்கின் முதல் நிரலைத் தவிர மற்றெல்லாச் சதுரங்களுக்கும் தவறான எண்ணே கிடைக்கும்.

வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில் தோன்றிய ஓர் ஏற்பாடு இயல்பானதாகவும் எங்கும் உரியதாகவும் தோற்றம் பெறுவதையே கருத்தியல் என்கிறோம். முன்னிருப்பு அதன் மிகச் சுருங்கிய வடிவம். இதில் எவரது தீய நோக்கமும் இல்லை என்பதை வற்புறுத்துதல் அவசியம். முதலில் தோன்றிய துண்டத்துக்காக எழுதப்பட்ட வரி பின்வந்தவற்றுக்கும் விதியாயிற்று, அவ்வளவே. அதற்கான பரிகாரமும் எளிது. துண்டத்தின் அளவையும் சதுரத்தின் பக்கத்தையும் கூறாத பயனருக்கு விடையளிக்க மறுக்கும் வகையில் செயல் எழுதப்படுதல் வேண்டும்.

துண்டத்திலிருந்து தேசப்படத்துக்கு

துண்டம் தனக்குள் முழுமையான ஓர் உலகம். அதனை நாட்டின் படத்தோடு இணைக்க மேலும் இரு தகவல்கள் தேவை: உற்பத்தி மூலையின் தேசிய ஆள்கூறு ஒன்று, துண்டத்தின் அச்சு வடக்கிலிருந்து விலகும் கோணம் மற்றொன்று. நெடுக்கு அச்சு வடக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு கோணம் சாய்ந்திருப்பின்,

கிழக்கு = மூலைக்கிழக்கு + குறுக்கு × கோசைன்(கோணம்) − நெடுக்கு × சைன்(கோணம்)
வடக்கு = மூலைவடக்கு + குறுக்கு × சைன்(கோணம்) + நெடுக்கு × கோசைன்(கோணம்)

விளக்கத்துக்காகக் கோணம் 10 பாகை எனக் கொள்வோம். நமது மரம் மூலையிலிருந்து கிழக்கே 85.6 மீற்றரிலும் வடக்கே 305.7 மீற்றரிலும் அமையும். கோணத்தைப் புறக்கணித்து 137.4, 286.2 என்பவற்றையே நேரடியாகக் கூட்டின் மரம் 55 மீற்றர் விலகி நிற்கும். திசையறி கருவி காட்டுவது காந்த வடக்கு, படத்தில் உள்ளது கட்ட வடக்கு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தேசிய ஆள்கூறும் ஓர் ஏற்பாடே. இலங்கைப் படங்களின் கட்டத்துக்குரிய மூலம் மலையகத்தின் உச்சியான பிதுருதலாகலையில் உள்ளது. எதிர்க்கணிய எண்கள் வாராதிருத்தற்பொருட்டு அவ்வுச்சிக்குப் பூச்சியம் அளிக்கப்படவில்லை. பழைய கண்டவளை ஆதாரத்தில் கிழக்கு 200,000, வடக்கு 200,000 மீற்றர் எனவும், 1999ஆம் ஆண்டின் புதிய ஆதாரத்தில் இரண்டும் 500,000 எனவும் கொள்ளப்படும். ஆகவே பழைய எண்ணோடு 300,000ஐக் கூட்டினால் போதும் என நினைக்கத் தோன்றும். பருமட்டான படத்துக்கு அது பொருந்தலாம். தனிமரத்தைத் தேடுவோருக்கு அது போதாது. ஏனெனில் அளவை வலைப்பின்னலே புதிதாகக் கணிக்கப்பட்டது. எந்த ஆதாரம் என எழுதப்படாத ஆள்கூறு, எந்த ஊர் என எழுதப்படாத வீட்டிலக்கத்தை ஒத்தது.

அளவையும் ஆட்சியும்

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இல் நிறுவப்பட்டது. கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமாயிற்று. அதற்கு முன் கண்டிப் பிரதேசத்தில் வயலின் பரப்பு விதைப்பாட்டினால் கூறப்பட்டது. ஓர் அமுணம் என்பது ஓர் அமுணம் விதைநெல் விதைக்கத்தக்க நிலம். மண்ணுக்கேற்ப, ஊருக்கேற்ப அதன் பரப்பு வேறுபடும். அளவையில் உழவனின் உழைப்பும் நிலத்தின் வளமும் அடங்கியிருந்தன. அவ்விடத்தைச் சங்கிலியும் ஏக்கரும் பிடித்தன. 66 அடிச் சங்கிலி எங்கும் 66 அடியே. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நிலம் எங்கும் ஒரே தன்மைத்தான, விற்கத்தக்க பண்டமாவதற்கு இத்தகைய அலகு இன்றியமையாதது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாறாக நிறுவப்படும்வரை காடும் தரிசும் முடிக்குரியன எனக் கொண்டது. அளந்து படம் வரைந்து காட்டவல்லவர் அரசினர். சேனைப் பயிர் செய்த கிராமத்தவரிடம் படம் இல்லை. நிரூபிக்கும் பொறுப்போ கிராமத்தவர்மீது சுமத்தப்பட்டது.

சங்கிலியை மீற்றரில் கூறின் 20.1168. ஆய்வுச் சதுரத்தின் 20 மீற்றருக்கு அது வியக்கத்தக்க அளவு அண்மையானது. 25 சங்கிலியைச் சேர்த்தால் 502.92 மீற்றர், வேறுபாடு மூன்று மீற்றரினும் சற்றுக் குறைவு. அலகை எழுதாது விட்டால் தோட்டப்படமும் ஆய்வுப்படமும் ஒன்றெனவே மயங்கும். காணிக்குப் பேர்ச்சஸ் கணக்கில் விலை பேசப்படும் கண்டியில் இது வெறும் கற்பனையன்று.

அளக்கப்பட்ட மலைகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டோர் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர். அவர்களிடையே ‘நிரை’ என்னும் சொல் கொழுந்து பறிப்பவருக்கு ஒதுக்கப்படும் தேயிலை வரிசையைக் குறிக்கும். நம் கணித நூல்களிலும் அதுவே சொல். தொழிலாளருக்கு அது பிரட்டுக்களத்துக்குப் பின் தொடங்கும் ஒரு நாளின் உழைப்பு. துரைக்கு அது ஐந்தாம் நம்பர் மலையின் ஒரு கூறு. நில அளவையாளருக்கு வரைபடத்தில் ஒரு துண்டு. ஒரே செடிக்கு மூன்று ஆள்கூற்றுத் தொகுதிகள். இவற்றிடையே மாற்றம் செய்யும் சுமை சமமாகப் பகிரப்பட்டதன்று. துரையின் எண்ணைத் தொழிலாளர் அறிந்தே ஆகவேண்டும்.

இருப்பிடத்தைப் பொறுத்தவரையிலும் இதே நிலை. லயன் அறைகளில் வாழ்ந்தோர் பலருக்கு நெடுங்காலம் தமக்கென ஒரு முகவரி இருந்ததில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தன. சிங்கராஜவில் இரண்டு இலட்சம் தண்டுகளுக்கு மீற்றரின் பின்னம் வரை முகவரி உண்டு. அது போற்றத்தக்கது. அறிவியல் அத்துணை நுண்மையை எய்தவல்லது என்பதே, முகவரியின்மை தொழில்நுட்ப இயலாமையால் விளைந்ததன்று என்பதற்குச் சான்று.

முடிபு

மார்க்ஸ் 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதற்பாகத்தில், மனிதரிடையே உள்ள உறவு பொருள்களின் இயல்பு போலத் தோற்றமளிப்பதைப் பண்ட வழிபாடு என விளக்கினார். ஆள்கூறும் அத்தகையதே. 165 என்பது மரத்தின் இயல்பு போலத் தோன்றுகின்றது. உண்மையில் அது உற்பத்தித் தானத்தைத் தெரிந்தவர், கம்பம் நட்டவர், நாடா பிடித்தவர், படத்தில் புள்ளியிட்டவர், வரி எழுதியவர் ஆகியோருக்கிடையிலான உடன்பாடு. உடன்பாடு மறக்கப்படும்போது எண் பொய்யுரைக்கத் தொடங்குகின்றது.

இதிலிருந்து நடைமுறை விதிகள் சில பெறப்படும். ஆய்வுத் தரவு எதனோடும் உற்பத்தி மூலை, அச்சின் கோணம், அலகு, துண்டத்தின் இரு அளவுகள், சதுரத்தின் பக்கம், எண்ணும் ஒழுங்கு, தொடக்க எண் பூச்சியமா ஒன்றா என்பது, எல்லை விதி ஆகியவை எழுதப்படுதல் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் மறுமாற்றத்தால் சரிபார்த்தல் வேண்டும். சரிபார்ப்பதற்கு மூலைவிட்டத்தின் மேலுள்ள சதுரத்தைத் தேராது, அதற்கு வெகுதூரம் விலகியுள்ள சதுரத்தையே தேர்தல் வேண்டும். இறுதியில், கணித்த எண்ணோடு ஒருவர் காட்டினுள் சென்று அவ்வெண்ணுடைய தகடு அம்மரத்தில் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். எத்துணை நுட்பமான சூத்திரமும் இந்நடைக்கு மாற்றாகாது.

பைதன் போன்ற இன்றைய கணினி மொழிகள் தமிழெழுத்தில் அமைந்த மாறிப்பெயர்களை ஏற்கின்றன. குறுக்கு, நெடுக்கு, நிரல், நிரை, சுட்டெண் என நாம் மேலே எழுதிய பெயர்கள் அவ்வாறே குறிமுறையிலும் இடம்பெறலாம். மொழிப்பற்று மட்டும் இதற்குக் காரணமன்று. எந்த எண் எதனைக் குறிக்கின்றது என்பதைத் தம் மொழியில் வாசிக்க இயன்ற மாணவரே, அது தவறாக இருக்கும்போது கேள்வி எழுப்பவும் வல்லவராவர்.